ஒரே கதைக்கு இருபது அட்டை: வேரியன்ட் கவர் மேல் ஆசையும் கோபமும்

அமெரிக்க காமிக்ஸ் சேகரிப்பவர் யாரிடமாவது வேரியன்ட் கவர் பற்றிப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது திட்டுதான். ஒரே கதையை எட்டுத் தடவை விற்கிறார்கள், தொண்ணூறுகளில் பட்டது போதாதா, இப்படியே போனால் கடைகள் என்ன ஆகும் என்று ஆரம்பிப்பார். பத்து நிமிடம் கழித்து அதே ஆள் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு இதழை உருவி, வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்து, "இந்த அட்டையை மட்டும் பாருங்களேன்" என்று காட்டுவார். அதுவும் வேரியன்ட் கவர்தான். இதை வைத்து அவர் பேச்சு ஒன்று, செயல் ஒன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்தவரை அவருடைய ஆசை அட்டையில் இருக்கும் படத்தின் மேல். கோபமோ, அந்தப் படம் கடைக்கு வந்து சேருவதற்குப் பின்னால் இருக்கும் ஆர்டர் கணக்கின் மேல். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை வருடம் கழித்தும் இந்தச் சண்டை தீராமல் இருக்கிறது.

முதலில் வேரியன்ட் கவர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அதே இதழ், அதே கதை, அதே விளம்பரப் பக்கங்கள், அதே இரண்டு ஸ்டேப்ளர் பின். அட்டை மட்டும் வேறு. வழக்கமான அட்டையை ஏ கவர் என்பார்கள், அடுத்தடுத்து வருபவை பி, சி, டி. தலைப்பு எழுத்து எதுவும் இல்லாமல் படம் மட்டும் வந்தால் அது வர்ஜின் கவர். வெறும் வெள்ளை அட்டையாக வந்தால் ஸ்கெட்ச் கவர், அதில் ஓவியரிடம் கேட்டுக் கையால் வரைந்து வாங்கிக்கொள்ளலாம். பளபளக்கும் ஃபாயில் தாள் ஒட்டியது, பழைய புகழ்பெற்ற அட்டையைப் போலவே வரைந்தது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே படமாகச் சேர்வது என்று வகைகள் நிறைய.

வேரியன்ட் என்பதே பதிப்பாளர்களின் வியாபாரத் தந்திரமாகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய வேரியன்ட்கள் தற்செயலாக உண்டானவை. 1976, 1977 ஆண்டுகளில் மார்வெல் தன் இதழ்களின் விலையை ஏற்றலாமா என்று பார்க்க, அமெரிக்காவின் சில ஊர்களில் மட்டும் ஐந்து சென்ட் கூட்டி அச்சடித்து விற்றது. அப்படித்தான் 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் முதல் இதழ், மற்ற ஊர்களில் 30 சென்ட் விலையோடும் அந்தச் சில ஊர்களில் 35 சென்ட் விலையோடும் வெளியானது. படத்தில் வித்தியாசம் இல்லை, அட்டையின் மூலையில் ஒரு எண் மட்டும் வேறு. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை, படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். இன்று அந்த 35 சென்ட் பிரதி, அந்தக் காலகட்டத்து காமிக்ஸில் மிக விலை உயர்ந்தவற்றில் ஒன்று. அதே இதழின் மறுபதிப்புகளிலும் 35 சென்ட் என்றே போட்டிருப்பதால் ஏமாந்தவர்களும் உண்டு, விலையைப் பார்த்த பிறகு பார்கோடையும் மறுபதிப்புக் குறியையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இதே மாதிரி, எண்பதுகளில் கனடாவுக்கு என்று வேறு விலை போட்டு அச்சான பிரதிகள், பத்திரிகைக் கடைகளுக்குப் போன நியூஸ்ஸ்டாண்ட் பிரதிகள் இவற்றையெல்லாம் இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இந்த வகை வேரியன்ட் மேல் எந்தச் சேகரிப்பாளருக்கும் கோபம் கிடையாது என்பதைக் கவனியுங்கள். அது அரிதானதற்குக் காரணம் யாரும் அதைப் பாதுகாக்க நினைக்கவில்லை என்பதுதான். தேடிக் கண்டுபிடித்தவருக்கு அது அவருடைய கண்ணுக்கும் பொறுமைக்கும் கிடைத்த பலன். விற்றவர் திட்டம் போட்டு அரிதாக்கி, அந்த அரிதுக்கும் சேர்த்து விலை வாங்கும்போதுதான் மனம் ஒப்பவில்லை.

திட்டம் போட்டுச் செய்த முதல் வேரியன்ட் எது என்று கேட்டால், பெரும்பாலும் 1986இல் டிசி பதிப்பகம் வெளியிட்ட, ஜான் பைர்ன் எழுதி வரைந்த மேன் ஆஃப் ஸ்டீல் என்ற சூப்பர்மேன் தொடரின் முதல் இதழைச் சொல்வார்கள். பத்திரிகைக் கடைகளுக்கு ஒரு அட்டை, காமிக்ஸ் கடைகளுக்கு இன்னொரு அட்டை. 1989இல் லெஜண்ட்ஸ் ஆஃப் தி டார்க் நைட் என்ற பேட்மேன் தொடரின் முதல் இதழுக்கு, உள்ளே உண்மையான அட்டை ஒன்றாகவே இருக்க, மேலே நான்கு வெவ்வேறு நிறத்தில் ஒரு உறை அட்டை போட்டார்கள். வெறும் நிறம்தான் வேறு. அதற்கே நான்கையும் வாங்கியவர்கள் இருந்தார்கள். இதைப் பார்த்த தொழில் முழுவதும் விழித்துக்கொண்டது. அடுத்த வருடம் டாட் மெக்ஃபார்லேனின் ஸ்பைடர்-மேன் முதல் இதழ் பச்சை, வெள்ளி, தங்கம் என்று பல வடிவங்களில் வந்து 20 லட்சத்தைத் தாண்டி விற்றது. 1991இல் எக்ஸ்-ஃபோர்ஸ் முதல் இதழை பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, உள்ளே சேகரிப்பதற்கென்றே அச்சடித்த ஐந்து வகைப் படச் சீட்டுகளில் (டிரேடிங் கார்ட்) ஒன்றை வைத்தார்கள். பையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும், பிரிக்காவிட்டால் கதையைப் படிக்க முடியாது. ஆகவே தீவிரமான ஒருவர் ஐந்து சீட்டுக்காக ஐந்து பை, படிக்க ஒன்று என்று ஆறு பிரதி வாங்கினார். அந்த இதழ் ஏறத்தாழ 50 லட்சம் பிரதிகள் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே 1991இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழைத்தான் நான் இந்த விஷயத்தின் நடு மையமாகப் பார்க்கிறேன். எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட், வரைந்தவர் ஜிம் லீ. ஐந்து அட்டை. முதல் நான்கும் தலா ஒன்றரை டாலர், ஐந்தாவது மடிப்பு அட்டையோடும் பளபளப்பான தாளோடும் 3.95 டாலர். அந்த நான்கு ஒன்றரை டாலர் இதழ்களையும் தரையில் வரிசையாகப் போட்டு, ஓரத்தோடு ஓரம் ஒட்டினாற்போல் நகர்த்திப் பாருங்கள். ஒரு முனையில் வில்லன் மேக்னெட்டோ, அவனை நோக்கி மற்ற மூன்று அட்டைகளிலிருந்தும் குழுவினர் பாய்கிறார்கள், ஒரு அட்டையில் நின்றுபோன கோடு அடுத்த அட்டையில் போய் முடிகிறது. உண்மையிலேயே அழகான வேலை. அது ஒரு சிறுவனை நான்கு இதழையும் வாங்க வைப்பதற்காகச் செய்யப்பட்ட வேலை என்பதும் உண்மை. மொத்தம் 80 லட்சத்துக்கும் மேல் போய், அதிகம் விற்ற ஒற்றை காமிக்ஸ் இதழ் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. ஆனால் அந்த 80 லட்சம் என்பது கடைகள் வாங்கிய கணக்கு. வாசகர்கள் அத்தனை பேர் கிடையவே கிடையாது. இன்றும் அந்த இதழ் பழைய காமிக்ஸ் பெட்டிகளில் சல்லிசாகக் கிடைக்கிறது.

அப்படி வாங்கிக் குவித்தவர்களின் மனதில் இருந்தது 1938. அந்த வருடம் சூப்பர்மேன் முதன்முதலாக வந்த, பத்து சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் பல்லாயிரம் டாலருக்கு விலை போகிறது என்ற செய்தி அப்போது எல்லோருக்கும் தெரியும் (2024இல் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது). அது விலை போனதற்குக் காரணம், குழந்தைகள் படித்துக் கிழித்ததும், இரண்டாம் உலகப் போர் நாட்களில் பழைய தாள் சேகரிப்புக்குக் கொடுத்ததும் போக மிஞ்சியவை மிகக் குறைவு என்பதுதான். எல்லோரும் பத்திரப்படுத்தி வைக்கும் பொருள் அரிதாக முடியாது என்ற எளிய கணக்கை 1992இல் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. சூப்பர்மேன் இறந்த 75ஆம் இதழைக் கறுப்புப் பையில், கையில் கட்டும் துக்கப் பட்டையோடு வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். 1993இல் வேலியன்ட் நிறுவனம் பளபளக்கும் குரோமியம் அட்டையோடு வெளியிட்ட டூரோக் முதல் இதழுக்கு 15 லட்சத்துக்கும் மேல் ஆர்டர் போட்டார்கள், விற்காமல் கடைகளில் தேங்கியது. அதன் பிறகு சரிவுதான். ஆயிரக்கணக்கான கடைகள் மூடின. மார்வெலே 1996 டிசம்பரில் திவால் மனு போட்டது. வேரியன்ட் அட்டை மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், விநியோகத்தில் நடந்த குளறுபடிகளும் மட்டமான கதைகளும் பெரிய காரணங்கள். ஆனால் அந்தக் காலத்தில் கைப்பணத்தை இழந்தவர்களுக்கு அந்தப் பளபளப்பு அட்டைகள்தான் ஞாபகத்தில் நிற்கின்றன. வயதான சேகரிப்பாளர் ஒருவர் ஃபாயில் அட்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தால், காரணம் அங்கே இருக்கிறது.

சரி, அவ்வளவு அடிபட்ட பிறகும் இந்தப் பழக்கம் ஏன் சாகவில்லை? இங்கேதான் ஆர்டர் கணக்குக்கு வர வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்ற நியூயார்க் ஆசிரியர் ஒருவர், பதிப்பாளர்களிடம் நேரடியாகப் பேசி ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அதுவரை பத்திரிகைக் கடையில் விற்காத காமிக்ஸ் பதிப்பாளருக்கே திரும்பிப் போகும். சூலிங்கின் ஏற்பாட்டில் கடைக்காரருக்குக் கூடுதல் தள்ளுபடி உண்டு, ஆனால் விற்காததைத் திருப்ப முடியாது. டைரக்ட் மார்க்கெட் என்று பெயர். இந்த ஏற்பாடுதான் காமிக்ஸ் கடைகளை உருவாக்கி வாழ வைத்தது, அதில் சந்தேகமே இல்லை. கூடவே, நஷ்டம் முழுவதையும் கடைக்காரர் தலையில் வைத்துவிட்டது. கடைக்காரர் ஆர்டர் போட்ட நிமிடமே பதிப்பாளருக்கு அது விற்ற பிரதி. அதற்கப்புறம் வாசகர் வாங்கினாரா, பெட்டியில் தூங்கியதா என்பது பதிப்பாளரின் கவலை இல்லை.

இந்த நிலைமையில் ரேஷியோ வேரியன்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். 1:25 என்று போட்டிருந்தால், கடை அந்த இதழின் வழக்கமான பிரதிகள் 25 வாங்கினால்தான் இந்த அட்டையில் ஒன்று வாங்க உரிமை கிடைக்கும். 1:50, 1:100, சில சமயம் 1:500, 1:1000 வரைகூடப் போகிறது. இப்போது ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். இதழின் விலை 3.99 டாலர், கடைக்கு ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். இந்தத் தொடரைப் படிப்பவர்கள் அந்தக் கடையில் நான்கு பேர். ஆனால் ஒரு வாடிக்கையாளர் 1:25 அட்டையைக் கேட்கிறார். அதற்காக 25 பிரதி எடுத்தால் கடைக்கு ஏறக்குறைய 50 டாலர் செலவு. நான்கு பேரிடம் விற்று வருவது 16 டாலர். மீதி 34 டாலரையும் அந்த ஒற்றை வேரியன்ட்டில்தான் எடுக்க வேண்டும், லாபம் வேண்டுமென்றால் அதற்கும் மேல். அதனால்தான் அதன் மேல் 40, 50 டாலர் என்று சீட்டு ஒட்டப்படுகிறது. வாங்க வருபவர் கடைக்காரரைப் பார்த்து "நாலு டாலர் புத்தகத்துக்கு ஐம்பதா" என்று கேட்கிறார். கடைக்காரரோ விற்காத 21 பிரதிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருவரையும் இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் அங்கே இல்லை. நான் எத்தனையோ பேர் கடைக்காரர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசிக் கேட்டிருக்கிறேன், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் அப்படிப் பேச வாய் வராது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. 1:25 என்பது எத்தனை அச்சானது என்பதற்கான எண் இல்லை. 60,000 பிரதி ஆர்டர் ஆன இதழில் 1:25 என்றால் அதிகபட்சம் 2,400 வரை இருக்கலாம். அதுவும் ஒரு உச்ச வரம்புதான், ஏனென்றால் 24 வாங்கிய கடைக்கு ஒன்றும் கிடையாது, 49 வாங்கிய கடைக்கு ஒன்றுதான். 8,000 ஆர்டர் ஆன சிறிய தொடரில் 1:10 என்றால் 800தான் உச்சம். அப்படியானால் 1:10 அட்டை 1:25 அட்டையைவிட அரிது! ஆனால் விலைப் பட்டியலில் பலரும் அந்த விகித எண்ணை மட்டும் பார்த்து விலை சொல்கிறார்கள், வாங்குகிறார்கள். உண்மையான அச்சு எண்ணிக்கையைப் பதிப்பாளர்கள் சாதாரணமாக வெளியிடுவதும் இல்லை. பொருளின் அரிதை வைத்து விலை கேட்கிறீர்கள், எவ்வளவு அரிது என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள் என்றால் அது நியாயமா? சேகரிப்பாளர்களின் குறைகளில் எனக்கு மிக நியாயமாகப் படுவது இதுதான்.

விகிதம் போக வேறு நிபந்தனைகளும் உண்டு. போன மாதம் வாங்கியதைவிட இந்த மாதம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வாங்கினால்தான் இந்த அட்டை கிடைக்கும் என்பார்கள். 2017இல் மார்வெல் தன் லெகசி வெளியீடுகளுக்கு, லேசாகச் சாய்த்தால் பழைய அட்டை ஒன்று தெரியும் லென்டிகுலர் அட்டைகளை அறிவித்து இப்படி நிபந்தனை வைத்தபோது, சில கடைக்காரர்கள் வெளிப்படையாகவே வாங்க மாட்டோம் என்று மறுத்தார்கள். அதற்கு முன் 2013இல் டிசியின் வில்லன்கள் மாதத்தில் வேறு மாதிரியான பிரச்சனை. முப்பரிமாண அட்டைகளை முன்கூட்டியே அச்சடிக்க வேண்டியிருந்ததால் தேவைக்குப் போதவில்லை, கடைகள் கேட்டதைவிடக் குறைவாகவே பங்கிட்டுக் கொடுத்தார்கள். மாதாமாதம் தவறாமல் வாங்கும் வாசகருக்குத் தன் தொடரின் இதழ் அந்த அட்டையில் கிடைக்காமல் போனது.

விற்பனைக் கணக்கையும் இது குழப்பிவிடுகிறது. 2013இல் வந்த ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா முதல் இதழுக்கு ஒவ்வொரு மாநிலக் கொடியையும் வைத்து 50க்கும் மேல் அட்டை போட்டார்கள். 2015இல் மார்வெலின் ஸ்டார் வார்ஸ் முதல் இதழுக்கு, கடைகள் தனித்தனியாக ஏற்பாடு செய்த அட்டைகளையும் சேர்த்து 60க்கும் மேல், ஆர்டர் பத்து லட்சத்தை எட்டியது. எண்ணிக்கை பிரமாதமாக இருக்கிறது. அதில் எத்தனை பேர் படித்தார்கள்? முதல் இதழ் பிரமாதமாக விற்று, இரண்டாம் இதழில் பாதியாகி, ஐந்தாம் இதழில் தொடர் நிறுத்தப்பட்டுவிடுவதைப் பார்த்து வாசகர்கள் குழம்பிப் போகிறார்கள். நன்றாகத்தானே விற்றது என்று கேட்கிறார்கள். முதல் இதழில் ஆறு அட்டையையும் வாங்கிய ஒருவர் ஆறு வாசகராகக் கணக்கில் வந்துவிட்டார், அவ்வளவுதான். அப்புறம் மறுபடியும் ஒரு புதிய முதல் இதழ், மறுபடியும் அட்டைகள். நல்ல எழுத்தாளர்கள் ஒரு கதையை நிதானமாகக் கட்டி எழுப்ப முடியாமல் போவதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இடப் பிரச்சனை ஒன்றும் உண்டு. கடையின் சுவரில் ஒரே இதழ் எட்டு அட்டையில் எட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால், சிறிய பதிப்பாளரின் ஏழு இதழ்களுக்கு இடம் போகிறது. புதிதாக வருபவர் ஒரே இதழை இரண்டு வெவ்வேறு கதை என்று நினைத்து வாங்கிப் போய்விடுவதும் நடக்கிறது.

இனி முழுத் தொகுப்பு சேர்ப்பவர்களின் வருத்தம். இது பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை. முன்பெல்லாம் ஒரு தொடரைச் சேர்ப்பவர் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பார். 112, 118, 119, 131 என்று இல்லாத எண்கள் மட்டும் அதில் இருக்கும். ஒரு எண் என்றால் ஒரு இதழ். பழைய பெட்டியைத் துழாவி 118 கிடைத்ததும் சீட்டில் அடித்துவிடுவார், கடைசி எண்ணையும் அடிக்கும் நாளில் தொகுப்பு முடிந்தது. அந்த முடிவு கண்ணுக்குத் தெரிந்ததால்தான் பத்து வருடம் பொறுமையாகத் தேட முடிந்தது. வேரியன்ட் வந்து அந்த முடிவையே எடுத்துவிட்டது. 1ஏ, 1பி, 1சி, அதன் வர்ஜின், அதன் ஃபாயில், ஒரு மாநாட்டில் மட்டும் விற்றது, ஒரு கடைக்காக மட்டும் அச்சடித்தது, இரண்டாம் அச்சுக்குப் போட்ட புது அட்டை... எதோடு நிறுத்துவது? 1995இல் ஜென்13 முதல் இதழுக்கு 13 அட்டை போட்டபோது அது ஒரு வேடிக்கையாக, தொடரின் பெயருக்குப் பொருத்தமாக இருந்தது. அதையே வருடம் முழுக்க எல்லாத் தொடரும் செய்தால் ஒருவர் தொகுப்பு முடிந்தது என்று என்றைக்குமே சொல்ல முடியாது. பலர் இந்த இடத்தில்தான் சேகரிப்பதையே விட்டிருக்கிறார்கள். சேர்க்கத் தெரியாமல் விட்டவர்கள் இல்லை, ஒழுங்காகச் சேர்க்கத் தெரிந்ததால் விட்டவர்கள்.

கையில் ஒரு அமெரிக்க காமிக்ஸ் இதழ் இருந்தால் அதன் பார்கோடைப் பாருங்கள். பெரிய பார்கோடுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, அதன் மேல் ஐந்து எண்கள் இருக்கும். முதல் மூன்றும் இதழின் எண். நான்காவது எண் எந்த அட்டை என்று சொல்கிறது. ஐந்தாவது எத்தனையாவது அச்சு. 00111 என்றால் முதல் இதழ், முதல் அட்டை, முதல் அச்சு. 00121 என்றால் அதே இதழின் இரண்டாவது அட்டை. 00112 என்றால் முதல் அட்டையே, ஆனால் இரண்டாம் அச்சு. இது தெரிந்தவர் கடையில் நின்று அந்தச் சின்ன எண்ணை விரலால் மறைத்து மறைத்துச் சரிபார்ப்பதைப் பார்க்கலாம். பதிப்பாளர்களின் எண் முறையிலேயே, இதழ் எண்ணுக்குச் சமமாக அட்டைக்கென்று ஒரு இடம் நிரந்தரமாகிவிட்டது.

இத்தனை குறையும் சொன்ன பிறகு, அந்த உறையிலிருந்து உருவிக் காட்டிய இதழுக்கு வருகிறேன். அதை ஏன் வாங்கினார்? ஏனென்றால் படம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆடம் ஹியூஸ், அலெக்ஸ் ராஸ், ஜே. ஸ்காட் கேம்ப்பெல், ஆர்ட்ஜெர்ம் என்ற பெயரில் வரையும் ஸ்டான்லி லாவ், ஜென்னி ஃப்ரிசன் போன்ற ஓவியர்கள் மாதம் இருபது பக்கம் கதை வரையும் வேலையில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு படத்துக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மாதத் தொடர் நடத்த முடியாது. அவர்களுடைய வேலை நாலு டாலருக்குக் கையில் கிடைக்கிறதென்றால் அது அட்டையாக வருவதால்தான். ஸ்காட்டி யங் வரைந்த குட்டிக் குழந்தை வடிவ சூப்பர்ஹீரோ அட்டைகளை மட்டும் வருடக்கணக்காகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தொடர் என்பது அவர்களுக்கு முக்கியமே இல்லை, யார் வரைந்தது என்பதுதான் முக்கியம். அவர்களைப் பார்த்து "கதையைப் படிக்காதவன் என்ன சேகரிப்பாளன்" என்று கேட்பது எனக்குப் பிடிக்காது. ஓவியத்தை நேசித்து வாங்குவதும் சேகரிப்புதான்.

பீச் மோமோகோவை நினைத்துப் பாருங்கள். ஜப்பானிய ஓவியரான அவரை அமெரிக்க வாசகர்கள் முதலில் அறிந்தது வேரியன்ட் அட்டைகள் வழியாக. நீர் வண்ணம் கசிந்து பரவுகிற அந்த முகங்களைத் தேடி மக்கள் வாங்கியதைப் பார்த்துத்தான் மார்வெல் அவரிடம் கதையையே கொடுத்தது. 2021இல் டீமன் டேஸ், 2024இல் அல்டிமேட் எக்ஸ்-மென் தொடர், எழுத்தும் அவரே, ஓவியமும் அவரே. வேரியன்ட் என்ற கதவு இல்லாவிட்டால் அந்தப் பாணியில் வரைபவரை ஒரு எக்ஸ்-மென் தொடருக்கு நேரடியாக அழைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். வேரியன்ட்டை ஒட்டுமொத்தமாக ஒழிக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் சேராததற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் கதை நடத்தும் குழுவுக்கும் வேரியன்ட் வரைபவருக்கும் தொடர்பு இல்லாமல் போவதில் ஆபத்தும் இருக்கிறது. 2015இல் பேட்கேர்ல் 41ஆம் இதழுக்கு ரஃபேல் அல்புகர்க்கி வரைந்த ஜோக்கர் வேரியன்ட், 1988இல் வந்த பழைய ஜோக்கர் கதையில் அவளுக்கு நேர்ந்த கொடுமையை நினைவுபடுத்தியது. படமாகப் பார்த்தால் அபாரமான திறமை. ஆனால் அப்போது நடந்துகொண்டிருந்த தொடர் பிரகாசமானது, இளம் பெண்கள் பலர் விரும்பிப் படித்தது, அதன் மேல் அந்த அட்டை ஒட்டவே இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் ஓவியரே கேட்டுக்கொண்டு அதை விலக்கிக்கொள்ள வைத்தார்.

விலை விஷயத்தில் ஒரு உதாரணம் சொல்லாமல் விட முடியாது. 2011இல் அல்டிமேட் ஃபால்அவுட் 4ஆம் இதழில் புதிய ஸ்பைடர்-மேனான மைல்ஸ் மொராலெஸ் முதன்முதலாக வந்தான். அதற்கு மார்கோ ஜுர்ஜெவிச் வரைந்த 1:25 வேரியன்ட் ஒன்று உண்டு. வந்த நேரத்தில் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. மைல்ஸை மக்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, 2018இல் திரைப்படமும் வந்த பிறகு, அந்த அட்டை பல ஆயிரம் டாலருக்குப் போனது. 2014இல் ஸ்பைடர்-க்வென் முதலில் தோன்றிய எட்ஜ் ஆஃப் ஸ்பைடர்-வெர்ஸ் 2ஆம் இதழின் வேரியன்ட்டும் இப்படித்தான். இவற்றைக் காட்டித்தான் இன்றும் வேரியன்ட்டை முதலீடாக விற்கிறார்கள். ஆனால் இரண்டிலும் விலையைத் தூக்கிப் பிடிப்பது உள்ளே இருக்கும் கதை. அந்தப் பாத்திரம் நிலைத்தது, அதனால் அட்டை நிலைத்தது. ஒன்றுமே நடக்காத ஏழாம் இதழின் 1:100 அட்டைக்கு வந்த வாரம் இருநூறு டாலர் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஆறு மாதம் கழித்து அதைப் பாதிக்கும் கீழே விற்கிறார்கள். 2000இல் தொடங்கிய சிஜிசி போன்ற தர நிர்ணய நிறுவனங்கள் இதழைக் கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து பத்துக்கு 9.8 என்று எண் போட்டுக் கொடுக்க ஆரம்பித்த பிறகு இந்த வேகம் இன்னும் கூடியது. அடைத்த பிறகு கதையைப் படிக்க முடியாது, அட்டை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அட்டைதான் பொருள் என்றாகிவிட்டது. சமீப வருடங்களில் வரும் பிளைண்ட் பேக் இதற்கும் ஒரு படி மேல், எந்த அட்டை உள்ளே இருக்கிறது என்றே தெரியாமல் மூடிய பையை வாங்க வேண்டும். சிறுவர்களும் வாங்கும் பொருளில் இந்தச் சீட்டுக் குலுக்கல் வேலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

யாருக்கும் கோபம் வராத வேரியன்ட்டும் இதே கடைகளில் இதே சுவரில்தான் இருக்கிறது. டிசி பல வருடங்களாக ஏ கவரை வழக்கமான விலைக்கும், கொஞ்சம் தடித்த அட்டையில் பி, சி கவர்களை ஒரு டாலர் கூடுதலாகவும் கொடுத்துவருகிறது. இவற்றுக்கு விகிதம் கிடையாது, கடை எத்தனை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அவர்களும் அதே இதழுக்கு 1:25, 1:50 போடாமல் இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சேகரிப்பாளர்கள் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு டாலர் கூடுதல் அட்டையைப் பற்றி யாரும் புலம்புவதில்லை. பிடித்தால் எடுக்கிறார்கள், பிடிக்காவிட்டால் ஏ கவரோடு போகிறார்கள். கடைக்காரரும் தன் வாடிக்கையாளர்களைத் தெரிந்து, ஃபைனல் ஆர்டர் தேதிக்கு முன் இன்னாருக்கு பி, இன்னாருக்கு சி என்று குறித்துக்கொள்கிறார், பெட்டியில் தேங்குவது குறைகிறது. 2020இல் டிசி, டைமண்ட் என்ற விநியோக நிறுவனத்தை விட்டுப் போனதிலிருந்து, 2025 ஜனவரியில் டைமண்டே திவால் பாதுகாப்புக் கேட்டது வரை விநியோகம் சிதறிப்போய், ஒரு சின்னக் கடை இன்று இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியாக ஆர்டர் போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு இதழுக்கும் பத்து வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிபந்தனை. வாரக் கடைசியில் கடையை மூடிவிட்டு அந்தப் பட்டியலோடு உட்காருபவர், நிபந்தனை இல்லாத வரிகளை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார். மீதி இரவு முழுவதும் போவது 22 பிரதி போதுமா, இன்னும் மூன்று சேர்த்து 25 ஆக்கிவிடலாமா என்ற யோசனையில்தான்.